நான் எப்படி இறந்தேன் என்று கேட்டால்

பெரியவனே,

உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீ பயமில்லாமல் படிப்பாய். அப்பா உயிரோடு இல்லை என்று பெண் வீட்டில் நீ சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். உன் தாய்மாமா சொல்லவில்லை, அவரிடம் போய்ச் சண்டை பிடிக்காதே. உன் மாமனாராகப் போகிறவரே சொன்னார். போன வெள்ளிக்கிழமை காலையில் இங்கே மலாக்காவில் நம் காஜா பேராங் மாரியம்மன் கோயில் வாசலில் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி நேரே கோயிலுக்கு வந்திருக்கிறார். என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "ஐயா, இங்க கோர்ட்டுல துபாசியா இருந்து காலமாயிட்டாரே, அவரு குடும்பத்தைத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று என்னையே கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று கேட்க உனக்கு இப்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடிக்கட்டும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொன்னார்கள் பெரியவர்கள். நீ ஒன்றே ஒன்றைச் சொல்லிக் காரியத்தை முடிக்கப் பார்த்திருக்கிறாய். சிறுவயதிலிருந்தே நீ சிக்கனக்காரன்தான். ஆனால் நான் சொல்லவந்ததை என் வழியில்தான் சொல்வேன். உன் அம்மா போனபிறகு நீ என் எதிரில் உட்கார்ந்து ஒரு பேச்சுக்கூடக் கேட்டதில்லை. காகிதத்திலாவது கேள்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. ஓய்வு பெற்ற துபாசிக்கு என்ன வேலை இருக்கும், நீயே சொல். முப்பது வருஷமாக மற்றவர்கள் பேசியதை என் வாயால் பேசினேன். அந்த வேலையில் 'அவன் சொல்கிறான்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். 'நான் அவளை அடிக்கவில்லை', 'நான் அந்தச் சைக்கிளைப் பார்த்ததே இல்லை', 'என் பிள்ளையைக் கொன்றவன் இவன்தான்' என்று எத்தனை பேருடைய 'நானை' நான் சொல்லியிருப்பேன். இப்போது என் 'நானை'க் கேட்க ஆளில்லை. கோப்பிக் கடைக்காரன் சீனன், பக்கத்து வீட்டில் மலாய்ப் பேச்சு. சில நாள் பொழுது விடிந்து பொழுது போகும்வரை ஒரு தமிழ் வார்த்தை என் வாயிலிருந்து வராது. அப்படிப்பட்ட நாளில் ரேடியோவோடு சண்டை பிடிப்பேன். செய்தி வாசிக்கிறவன் எதையாவது தப்பாகச் சொன்னால் எனக்கு அவ்வளவு சந்தோஷம், அவனைத் திட்டவாவது தமிழில் பேசலாமே. பசாருக்குப் போய் முருங்கைக்காய் விற்கிற அம்மாளிடம் வேண்டுமென்றே வம்பு வளர்ப்பேன். அவளும் நன்றாகத் திட்டுவாள். வீட்டுக்கு வரும்போது மனசு லேசாக இருக்கும். தனியாக இருக்கிறேன், பெரியவனே. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உண்மை, உண்மை என்று நீ என்னைக் குத்திக்காட்டுவாயே, அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோர்ட்டில் மலாய்க்காரருக்குக் குர்ஆன், கிறிஸ்தவருக்கு பைபிள். நம் ஆட்களுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. உண்மை சொல்கிறேன் என்று வாயால் உறுதி கொடுத்தால் போதும். சீனர்கள் ஒரு காலத்தில் கோயிலுக்குப் போய்ச் சேவல் தலையை வெட்டிச் சத்தியம் செய்தார்களாம், பழைய சீனத் துபாசி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம் ஜனங்கள் கூண்டில் ஏறியதும் சுற்றும் முற்றும் பார்ப்பார்கள். சூடம் இல்லை, சாமி படம் இல்லை, அப்புறம் இது என்ன சத்தியம் என்று அவர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடும். மாஜிஸ்திரேட் துரைக்கோ உண்மை என்றால் மணி எத்தனை என்று தெரியவேண்டும். "பொழுது சாயுற நேரங்க" என்று சாட்சி சொல்வான். "மணி எத்தனை?" என்பார் துரை. "மாட்டைக் கட்டிட்டு வந்தேங்க" என்பான். "அது மணி எத்தனை?" என்பார். ரெண்டு பேரும் உண்மையைத்தான் கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள், நடுவில் நான்தான் வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தது, சுவரில் படம் மாறியது, துரை கப்பலேறினார். நம் நாட்டுக்காரரே மாஜிஸ்திரேட்டாக வந்து உட்கார்ந்தார். முதல் நாள் முதல் சாட்சியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, மணி எத்தனை.

ஓர் ஆட்டுக் கேஸ் உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். பத்து பெரெண்டாம் ஊருக்குப் பக்கத்தில் கித்தாப் பால் வெட்டும் தோட்டத்திலிருந்து ஓர் அம்மாள் கைப்பிள்ளையோடு சாட்சி சொல்ல வந்தாள். பக்கத்து லயத்து வீட்டுக்காரன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனதை என் ரெண்டு கண்ணாலும் பார்த்தேன் என்று கூண்டில் நின்று அழகாகச் சொன்னாள். கறுப்பு ஆடு, நெற்றியில் வெள்ளை, கயிறு அறுந்து தொங்கியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். நான் அதைவிட அழகாக இங்கிலீஷில் சொன்னேன். வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் அந்த லயத்துக்காரன் பெண்டாட்டி மறித்துக்கொண்டாள். "உன் புள்ள தலையில அடிச்சுச் சொல்லுடி, நீ பாத்தியா?" என்றாள். அவ்வளவுதான். இவள் பிள்ளையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, வாய் திறக்காமல், படியிறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கு வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீயும் சின்னவனும் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். உன் அம்மா சிரிக்கவில்லை. "அந்தப் பொம்பள இப்பத்தான் நெசமா சாட்சி சொல்லியிருக்கா. அதை ஏன் நீங்க உள்ளே போய்ச் சொல்லல?" என்று கேட்டாள். கோர்ட் முடிந்த பிறகு நடந்ததெல்லாம் கணக்கில் வராது என்று சட்டம் பேசினேன். உன் அம்மாவுக்குக் கணக்கில் வந்ததெல்லாம் அந்தத் தாழ்வாரம்தான்.

நீங்கள் 'மாக்' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டம்மாவுக்கு உண்மை வேறு மாதிரி. நமக்கு எத்தனையோ தலைமுறை முன்னால் இங்கே வந்து, தமிழை எங்கோ வழியில் விட்டுவிட்டு, மாரியம்மனை மட்டும் விடாமல் வைத்திருக்கிற செட்டி ஜனங்கள் அவர்கள். போகி அன்றைக்குச் செத்துப்போனவர்களுக்கு வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்களே, இந்த வருஷம் மாக் உன் அம்மாவுக்கும் சின்னவனுக்கும் சேர்த்தே இலை போட்டாள். நம் வீட்டில் போட ஆளில்லை என்று அவளாகவே போட்டாள். சின்னவனுக்கு நெத்திலிச் சம்பலும் தேங்காய்ப்பால் சோறும். கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "நிஜமாகவே வந்து சாப்பிடுகிறார்களா?" என்று மலாயில் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வரவில்லை என்றால் விடியற்காலையிலிருந்து நான் யாருக்குச் சமைத்தேன்?" என்றாள். கோர்ட்டில் இப்படி ஒரு பதிலை எந்த வக்கீலாலும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. கதவைத் திறந்ததும் நான் இலையைத்தான் முதலில் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன்.

இனி நமக்குள் கிடக்கிற விஷயத்துக்கு வருகிறேன். சின்னவன் மோட்டார் சைக்கிளில் போய் மரம் ஏற்றிய லோரியில் அடிபட்டபோது உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். இருதயம் பலவீனம், அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்து, தலையைத் துவட்டி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு நீ நேரே அவளிடம் போனாய். "சின்னவனுக்குச் சிங்கப்பூர்ல வேலை கெடைச்சிருச்சும்மா. ஒடனே வரணும்னுட்டாங்க, சொல்லிக்காமப் போயிட்டான்" என்றாய். அவள் அவனை நன்றாகத் திட்டினாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வர என் கால் வரவில்லை. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் நீ விடவில்லை. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபீசுக்கு அவன் போன் பண்ணியதாகச் சொல்வாய். அறையில் கூட இருக்கிற சீனப் பையன் வாத்தியம் வாசித்துத் தூங்கவிட மாட்டேன் என்கிறானாம். சாப்பாட்டுக் கடையில் சாம்பார் தண்ணீராக இருக்கிறதாம். கறுப்புச் சப்பாத்து வாங்கியிருக்கிறானாம், அது காலைக் கடிக்கிறதாம். "தேங்காயெண்ணெ தடவச் சொல்லு" என்பாள். "சொல்றேம்மா" என்பாய்.

நீ நன்றாகச் சொன்னாய், பெரியவனே. இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. எத்தனை பொய்சாட்சியைக் கேட்டவன் நான், எது தேறும் எது தேறாது என்று எனக்குத் தெரியும். உன்னுடையது தேறியது, ஏனென்றால் அதில் சின்னவன் இருந்தான். அவன் அப்படித்தான் சப்பாத்து வாங்குவான், அப்படித்தான் குறை சொல்வான். ஒரு நாள் சாயங்காலம் மழையில் உன் பஸ் தாமதமானது. நான் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். உனக்காக நடக்கவில்லை. இன்றைக்குச் சின்னவன் என்ன சொன்னான் என்று கேட்க நடந்துகொண்டிருந்தேன். அவனுக்குக் கொள்ளி வைத்த கை என்னுடைய இந்தக் கைதான். அது தெரிந்தும் நடந்தேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நீ பேசும்போது நான் பின்பக்கம் போய்விடுவேன், கிணற்றடியில் எதையாவது கழுவிக்கொண்டிருப்பேன். அதை உன் அம்மா கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். "ஏங்க, இங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டாள். "பெரியவன் சொல்றதெல்லாம் சரி. நீங்க ஏன் சின்னவனைப் பத்தி வாயே தொறக்க மாட்டேங்கிறீங்க?" என்றாள். நான் ஏதோ உளறினேன். என் கையைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு, "என் தலையில கை வச்சுச் சொல்லுங்க. புள்ள இருக்கானா?" என்றாள். நீ ஆரஞ்சுச் சுளையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். உன் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லுங்கப்பா, சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சியது. 'இருக்கான்' என்ற சொல் என் நாக்கில் வந்து நின்றது. நின்ற இடத்தில் நின்றது. நான் கையை எடுத்துவிட்டேன்.

நீ எழுந்து நின்றாய். "ஒரு வார்த்தைப்பா. ஒரே ஒரு வார்த்தை. ஒங்க உண்மையைக் கோர்ட்டோட வச்சுக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டு வெளியே போனாய். இன்றுவரை நீ நினைத்துக்கொண்டிருப்பது இதுதான், அப்பா ஓர் உண்மை விளம்பி, பெற்றவளின் உயிரைவிட அவருக்குச் சத்தியம் பெரிதாகப் போயிற்று என்று. தப்பு, பெரியவனே. நீ என்னை ரொம்ப உயர்த்திவிட்டாய். உண்மைக்காக நான் கையை எடுக்கவில்லை. தலையில் கை வைத்துப் பொய் சொன்னால் அந்தத் தலை தங்காது என்று எங்கேயோ அடிவயிற்றில் ஒரு பயம். ஆட்டுக் கேஸ் அம்மாளைப் பார்த்துச் சிரித்தவன், இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிறவன், நம் ஜனங்களின் சத்தியங்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தவன், அந்த நேரத்தில் அந்த அம்மாளாகத்தான் நின்றேன். நான் பொய் சொல்லி அவள் செத்துவிடக் கூடாதே என்று எடுத்தேன். எடுத்ததே பதிலாகிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் நீ பொய் சொன்னாய், அவளைக் காப்பாற்றத்தான் நான் கையை எடுத்தேன். அதற்கப்புறம் நாம் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

நீ வெளியே போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கேட்க நீ நிற்கவில்லை, சொல்ல எனக்கும் ரோஷம் விடவில்லை. அவள் அலறவில்லை. "எப்போ?" என்றாள். சொன்னேன். "ரொம்ப நேரம் கஷ்டப்பட்டானா?" இல்லை என்றேன், அது உண்மை. "என்ன சட்டை போட்டு அனுப்பினீங்க?" அந்த நீலக் கோடு போட்டது என்றேன். "அதுல ஒரு பித்தான் இல்லையே" என்றாள். பெரியவன் வேறு பித்தான் தைத்தான் என்றேன். நீ தைத்தாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாய். "தலைக்கு எண்ணெ வச்சீங்களா?" வைத்தோம் என்றேன். அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். கோர்ட்டில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. மணி எத்தனை என்று மட்டும் கேட்கவில்லை. கடைசியில் என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அழுதேன். சின்னவன் போனதற்கு நான் அழுதது அன்றைக்குத்தான். அதுவரை அவன் சிங்கப்பூரில் இருந்தானே, எப்படி அழுவது? நாங்கள் ரெண்டு பேரும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் தகப்பனுமாக இருந்தது அந்த ஒரு மத்தியானம் மட்டும்தான்.

அந்த வாரமே அவள் போய்விட்டாள். நான் கையை எடுத்ததால் போனாளா, எடுக்காவிட்டாலும் போயிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் ஒன்று சொன்னார், உன் மாமா ஒன்று சொன்னார். கருமாதி முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ வாசலில் நின்று சொன்னாய், "தம்பியை நான் உசுரோட வச்சிருந்தேன். அவனையும் கொன்னு அம்மாவையும் கொன்னுட்டீங்க." அதற்கு நான், "வாயை அடக்கிப் பேசு" என்றேன். அத்தனை பாஷை தெரிந்தவனுக்கு அதுதான் வந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். 'காலமாயிட்டாரே' என்று அவர் கேட்டதும் மாட்டிய செருப்பைக் கழற்றி மறுபடியும் மாட்டினேன். வயிறெரிந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை. நான்தான் அந்தத் துபாசி, இதோ குத்துக்கல் மாதிரி இருக்கிறேன், உங்கள் மாப்பிள்ளையின் யோக்கியதையைப் பாருங்கள் என்று சொல்ல வாய் துடித்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல மனிதர், ரயில்வேயில் வேலையாம், பஸ் ஆட்டத்தில் கசங்கிய சட்டை, கக்கத்தில் குடை. பெண்ணைப் பெற்ற கவலை அந்த முகத்தில் இருந்தது. "தெரியும், கூட வேலை பார்த்தவன் நான்" என்றேன். பொய் இவ்வளவு லேசாக வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே, பெரியவனே. தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தக் கையை அங்கேயே வைத்திருப்பேனோ என்னவோ.

வேறு யாரிடமும் அவர் விசாரித்துவிடக் கூடாதே என்று கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரன் தூரத்திலிருந்தே, "துபாசி! கோப்பி ஓ?" என்று என் வழக்கமான பால் போடாத கோப்பியைக் கேட்டுக் கத்தினான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "அவருக்கு அப்புறம் அந்த வேலைக்கு வந்தவன் நான். பேரு ஒட்டிக்கிச்சு" என்றேன்.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா, பொண்ணைக் குடுக்கிறவன். பையன் எப்படி?"

"கேளுங்க. கேக்க வேண்டியதுதானே."

"குடி கிடி?"

"வாசமே ஆகாது."

"கோவம்?"

"இருக்கு. அது அப்பன் சொத்து. ஆனா கோவத்துல போனாலும் பாசம் போகாது. ஆஸ்பத்திரியில கெடந்த தாயைப் பாத்துக்கிட்டான் பாருங்க, அந்த மாதிரி ஒரு புள்ளையை இந்த மலாக்காவுல நான் பாத்ததில்லை."

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் தலையாட்டிவிட்டுக் கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றினார். அப்புறம், "அவங்கப்பா எப்படிப்பட்டவரு?" என்றார்.

எத்தனையோ பேருக்காகப் பேசியிருக்கிறேன், என்னைப் பற்றிச் சாட்சி சொல்ல இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. "முரட்டு ஆளுங்க. நாக்குல கொஞ்சம் விஷம். வீட்டுல இருக்கறவங்ககிட்ட பேசத் தெரியாது, ஊரார் பேச்சைத்தான் பேசத் தெரியும்" என்றேன்.

"அப்படியா? மாப்பிள்ளைகிட்ட அப்பா பேச்சை எடுத்தாலே எந்திரிச்சு வெளியே போயிடறாருலா. போன தடவை என் சம்சாரம் தெரியாம, 'அப்பாவுக்கு என்ன பிடிக்கும்'னு கேட்டுட்டா. கண்ணு நெறைஞ்சு போச்சு. அப்பா மேல ரொம்பப் பாசமா இருந்திருப்பாரு போல."

நான் கோப்பியைக் குடித்தேன். சூடு நாக்கைப் பொசுக்கியது. ஆமாம், இருந்திருப்பான் என்றேன். அன்றைக்குப் பூராவும் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. நீ என்னைக் கொன்றதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மாக் வேலியோரம் நின்று யார் என்று கேட்டாள். வழி கேட்டவர் என்றேன். கல்யாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அவர் என்னை அழைத்திருக்கிறார், செத்துப்போன துபாசியின் நண்பன் என்ற முறையில். நான் வரமாட்டேன், என்னைத் தெரிந்த மாமா பக்கத்து ஜனங்கள் பார்த்தால் குட்டு உடைந்து உன் மானம் போய்விடும். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் உன் பெண்டாட்டிக்கு ஒரு புடவை எடுத்தேன், அரக்கில் மாம்பழக் கரை. கடைக்காரப் பெண் ரொம்ப நல்ல ராசி என்றாள். செத்தவன் மருமகளுக்குப் புடவை அனுப்ப முடியாது, மாமாவே எடுத்ததாக இருக்கட்டும். நிறம் பிடித்ததா என்று மட்டும் மாமாவிடம் சொல்லியனுப்பு.

புத்தி சொல்லாமல் ஒரு தகப்பன் கடிதத்தை முடிப்பானா? உன் பெண்டாட்டி உன்னிடம் எதையாவது கேட்டால், கேள்வியைப் பார்க்காதே, அவள் முகத்தைப் பார். சிலருக்குப் பதில் வேண்டும், சிலருக்குக் கூட உட்கார்ந்து அழ ஆள் வேண்டும். எது என்று தெரியாமல்தான் நீயும் நானும் உன் அம்மாவுக்கு ஆளுக்கொரு பதிலை வைத்துக்கொண்டு நின்றோம். எந்தக் காரணத்துக்காகவும் ஒருத்தர் தலையில் ஒருத்தர் கை வைத்துச் சத்தியம் கேட்காதீர்கள். கேட்டபிறகு கையை எங்கே கொண்டுபோவது என்று எவனுக்கும் தெரியாது. என்றைக்காவது, எனக்கு ஒரு பேரப்பிள்ளை பிறந்த பிறகாவது, என்னைப் பார்க்கவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வந்துவிடு. பெண் வீட்டார் எதிரில் நீ 'அப்பா' என்று கூப்பிட்டால் நான் பொய்யனாகிப் போவேன். ஆகிவிட்டுப் போகிறேன்.

கடைசியாக ஒன்று. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள். ரெண்டு சாட்சி மாட்டிக்கொள்வது பெரிய பொய்யில் இல்லை, சின்னச் சின்ன விவரத்தில்தான். ஒருவன் மழை பெய்தது என்பான், இன்னொருவன் வெயில் என்பான், கேஸ் போச்சு. பஸ் வரும் நேரத்தில் அவர், "எப்படிங்க தவறினாரு?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொல்லியிருக்கிறேனோ அதையே நீயும் சொல்லவேண்டும், உன் கல்யாணத்தில் அவரோ அவர் சம்சாரமோ கேட்காமல் இருக்கமாட்டார்கள். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, வீட்டிலேயே. காலை நேரம், மழை இல்லை. பெண்டாட்டி போன வருத்தம்தான் துபாசியைக் கொண்டுபோனது என்று சொன்னேன். தனியாகவா இருந்தார் என்று கேட்டார். இல்லை என்றேன். பெரியவன் பக்கத்திலேயே இருந்தான், தகப்பன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கையாலேயே பால் ஊற்றினான் என்றேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு, பெரியவனே.